தலவாக்கலை வீதியின் வயரிங் கடை: ஒரு கார் சாக்கெட்டைத் திருத்திய விதம்

கொட்டகலையிலிருந்து தலவாக்கலைக்குச் செல்லும் ஏ7 வீதியின் ஓரத்தில், தகரக் கூரையின் கீழ் இயங்கிவரும் ஒரு சிறிய வாகன வயரிங் கடையைப் பற்றிய மதிப்பீடு இது. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. "வயரிங் பாஸ்" எங்கே என்று விசாரித்தால், பக்கத்துத் தேநீர்க் கடையில் இருப்பவர்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள். என் காரின் 12 வோல்ட் சாக்கெட், அதாவது முன்பு சிகரெட் லைட்டர் இருந்த இடத்தில் இப்போது நாம் சார்ஜரைச் செருகும் அந்தத் துவாரம், பல வாரங்களாகக் கொடுத்த தொல்லையை இந்தக் கடை தீர்த்து வைத்தது. பழுதைத் தேடும் முறைக்காக இக்கடையை எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். வேலைத்தளத்தின் ஒழுங்கைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. அதைப் பின்னர் விளக்குகிறேன்.

ஒரு சாக்கெட்டுக்கு இத்தனை பேச்சா என்று நகரத்தில் வசிப்பவர்கள் நினைக்கக்கூடும். மலைநாட்டின் பள்ளத்தாக்குகளுக்குள் சிக்னல் குறையக் குறைய, அதைத் தேடித் தேடியே தொலைபேசி தன் சார்ஜை வேகமாக இழந்துவிடுகிறது. மாலை நேரப் பனிமூட்டத்தில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசி, மண்சரிவுகளால் வீதிகள் துண்டிக்கப்பட்டு மின்சாரமும் இல்லாதிருந்த நாட்களில், எங்கள் பகுதியில் கார் வைத்திருந்தவர்களின் வாசலில் அயலவர்கள் தொலைபேசியுடன் காத்திருந்தார்கள். அவ்வாறான வேளையில் பயன்படாத சாக்கெட் இருப்பதும் ஒன்றுதான், இல்லாதிருப்பதும் ஒன்றுதான்.

பழுதின் இயல்பை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பலரையும் திசைதிருப்பிய விடயம் அதுவே. பழைய, மெதுவாகச் சார்ஜ் செய்யும் 5 வாட் சார்ஜரைச் செருகினால் எந்தக் குறையும் தெரியவில்லை. 18 வாட் வேகச் சார்ஜரைச் செருகினால், அதன் நீல விளக்கு சில விநாடிகள் எரிந்து, அணைந்து, மீண்டும் எரிந்தது. தொலைபேசியும் அதற்கேற்ப ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தது. இதைக் கேட்கும் எவரும் சார்ஜரில்தான் கோளாறு என்று சொல்வார்கள். அதே சார்ஜர் நண்பரின் வேனில் குறையின்றி வேலை செய்தது. முதலில் நான் சென்ற வேறொரு கராஜில் சாக்கெட்டையே கழற்றிப் புதிதாக ஒன்றைப் பொருத்தி, பியூஸையும் "கொஞ்சம் பெரிதாக" மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு 4,000 ரூபாய்க்கு மேல் செலவானது. விளக்கு எரிந்து அணைவது மட்டும் நிற்கவில்லை.

வயரிங் பாஸ் ஐம்பது வயதைத் தாண்டியவர். காரின் கதவைத் திறப்பதற்கு முன்பே அவர் கேள்விகளைத் தொடங்கினார். எந்தச் சார்ஜர் வேலை செய்கிறது, எது செய்வதில்லை. இயந்திரம் ஓடும்போதும் ஓடாதபோதும் பழுது ஒரே மாதிரி இருக்கிறதா. வானொலியும் பக்கக் கண்ணாடியை அசைக்கும் பொத்தானும் சரியாக இயங்குகின்றனவா. காரில் பின்னர் எதையாவது பொருத்தினார்களா என்று வரிசையாகக் கேட்டார். சில வாகனங்களில் இவையெல்லாம் சாவியின் ஏசிசி நிலையிலிருந்து, அதாவது இயந்திரத்தை இயக்காமல் வானொலி போன்றவற்றை மட்டும் இயக்கும் நிலையிலிருந்து, ஒரே பாதையில் மின்சாரம் பெறுபவை. ஆகவே, வானொலியும் சேர்ந்து இறந்திருந்தால் சாக்கெட்டைத் தோண்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை, அந்தப் பாதையில் அதற்கு முன்னால் உள்ள பியூஸையோ, ரிலே எனப்படும் மின்சுவிட்சையோ பார்க்க வேண்டும். வாகனத்தின் கோளாறுகளைக் கண்டறியும் கணினி ஸ்கேனரைச் செருகும் துவாரமும் சாக்கெட்டும் ஒரே பியூஸில் அமைந்த வாகனங்களும் உண்டு. ஸ்கேனருக்கு உயிர் வரவில்லை என்று வந்த ஒருவரின் வாகனத்தில், சாக்கெட்டின் பியூஸ் போயிருந்ததே காரணம் என்று அவர் சொன்னார்.

அடுத்து அவர் சார்ஜரின் செருகியைக் கையில் எடுத்தார். சில செருகிகளின் முனையிலுள்ள உலோக மூடியைத் திருகிக் கழற்றினால், உள்ளே ஒரு சிறிய கண்ணாடிப் பியூஸும் ஸ்பிரிங்கும் இருக்கும். காரின் பியூஸ் நன்றாக இருந்தும் இது போயிருக்கக்கூடும். பின்னர் டார்ச்சை அடித்துச் சாக்கெட்டின் உட்புறத்தைப் பார்த்தார். நடுவிலுள்ள பித்தளை முனைதான் நேர்முனை, சுற்றியுள்ள உலோகச் சுவர் மறைமுனை. இரண்டுக்கும் நடுவில் ஒரு ரூபாய்க் குற்றியோ சொக்கலேட் உறையின் ஈயத்தாளோ விழுந்தால் அந்தக் கணமே பியூஸ் எரிந்துவிடும் என்பதால், சாவியைக் கழற்றிய பிறகே அவர் உள்ளே கை வைத்தார். ஒன்றும் இல்லை. புதிய சாக்கெட் என்பதால் கறுப்பும் இல்லை, உருகிய அடையாளமும் இல்லை.

பியூஸ் பெட்டியைத் திறந்தபோது அவர் முகம் சுளித்தது. மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் படத்தின்படி அந்த இடத்தில் 15 அம்பியர் நீல நிறப் பியூஸ் இருக்க வேண்டும். முன்னைய கராஜ் செருகியிருந்தது 20 அம்பியர் மஞ்சள் நிறம். இந்தத் தட்டைப் பியூஸ்களின் நிறங்கள் எல்லா வாகனங்களுக்கும் பொதுவானவை: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. பியூஸின் அளவு சாக்கெட்டுக்காக மட்டுமன்றி, அதற்குச் செல்லும் வயரின் தடிப்பையும் பார்த்தே தீர்மானிக்கப்படுகிறது. பெரிய பியூஸைப் போட்டால் அது எரியாமல் தப்பும், அதற்குப் பதிலாக டாஷ்போர்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வயர் சூடாகும். அவர் எதுவும் கேட்காமல் மஞ்சளைப் பிடுங்கி நீலத்தைச் செருகினார். இந்த ஒரு செயலுக்காகவே அவருக்குப் பாதி மதிப்பெண் கொடுத்துவிட்டேன்.

இனி அவர் செய்த சோதனைதான் இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியது. சாவியை ஏசிசி நிலையில் வைத்து மல்டிமீட்டரால் சாக்கெட்டை அளந்தபோது 12.4 வோல்ட் காட்டியது. முன்னைய கராஜிலும் இதே அளவைக் காட்டி, "கரண்ட் சரியாக வருகிறது, உங்கள் சார்ஜரைத்தான் பார்க்க வேண்டும்" என்று முடித்திருந்தார்கள். இவர் மேசை இழுப்பறையிலிருந்து, இரண்டு வயர்களை ஈயத்தால் பற்றவைத்த ஒரு பழைய சிக்னல் பல்பை எடுத்து, மீட்டரைக் கழற்றாமலேயே அதையும் சாக்கெட்டில் இணைத்தார். வெள்ளையாக எரிய வேண்டிய பல்பு, மஞ்சளாக மங்கி எரிந்தது. மீட்டரோ 8.3 வோல்ட்டுக்கு இறங்கியது. "மீட்டர்ல பன்னெண்டு காட்டும் சேர், பல்பு எரியாது. நமக்குப் பல்புதான் கணக்கு" என்றார்.

காரணம் எளியது, ஆயினும் பல கராஜ்களில் இது கவனிக்கப்படுவதில்லை. மல்டிமீட்டர் தன் அளவீட்டுக்காக எடுக்கும் மின்னோட்டம் இல்லையென்றே சொல்லத்தக்க அளவு சிறியது. ஆகவே பாதையில் எங்கோ துருப்பிடித்த மூட்டு ஒன்று இருந்தாலும், அதன் வழியே ஓட்டமே இல்லாததால் அங்கு வோல்ட் இழப்பும் ஏற்படாது. மீட்டர் முழு வோல்ட்டையும் காட்டிவிடும். அந்த 21 வாட் சிக்னல் பல்பு முழு வோல்ட்டில் 1.75 அம்பியர் வரை இழுக்கும். அந்தச் சுமையை வைத்தவுடன்தான் மூட்டின் தடை வெளியே தெரியும்.

பல்பின் நேர் வயரைச் சாக்கெட்டின் நடுமுனையிலேயே வைத்துக்கொண்டு, மறை வயரை மட்டும் எடுத்து இருக்கையின் கீழுள்ள போல்ட்டில் தொட்டார். பல்பு கண் கூசும்படி எரிந்தது. ஆக, பெட்டரியிலிருந்து பியூஸ் வழியாகச் சாக்கெட்டின் நடுமுனை வரை வரும் பாதையில் எந்தக் குறையும் இல்லை. எர்த் பாதையில்தான், அதாவது மின்சாரம் காரின் உலோக உடல் வழியாகப் பெட்டரியின் மறைமுனைக்குத் திரும்பும் பாதையில்தான் கோளாறு. இதை உறுதிப்படுத்த, பல்பை மீண்டும் சாக்கெட்டில் இணைத்து எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைச் சாக்கெட்டின் சுவரிலும், நீண்ட வயர் ஒன்றின் மூலம் மறுமுனையைப் பெட்டரியின் மறைமுனையிலும் வைத்தார். அங்கே 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. 4.1 காட்டியது.

வீட்டுக்கு வந்து இந்த எண்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சார்ஜரின் மர்மம் முழுவதும் அவிழ்ந்தது. மங்கலாக எரிந்த பல்பு ஏறத்தாழ 1.4 அம்பியர் எடுத்திருக்கும், 4.1 வோல்ட்டை அதனால் வகுத்தால் எர்த் பாதையின் தடை சுமார் 3 ஓம். 12.4 வோல்ட் பெட்டரியிலிருந்து 3 ஓம் தடையைத் தாண்டி ஒரு கருவி பெறக்கூடிய உச்ச வலு, வோல்ட்டின் வர்க்கத்தைத் தடையின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைப்பது, 13 வாட்டுக்கும் குறைவு. இயந்திரம் ஓடி 14 வோல்ட் வந்தாலும் 16 வாட்டுக்குச் சற்று மேல்தான். 18 வாட் சார்ஜருக்கு, அதன் சொந்த இழப்பையும் சேர்த்தால், 20 வாட் அளவில் தேவை. ஆகவே அது முழு வேகத்தில் இழுக்கத் தொடங்கும்போதெல்லாம் வோல்ட் சரிந்து அணைந்துவிடும், அணைந்தவுடன் வோல்ட் மீண்டும் ஏறும், மீண்டும் விழித்துக்கொள்ளும். 5 வாட் பழைய சார்ஜர் இந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிட்டது. இதில் கவலைக்குரிய பகுதி வேறொன்று. அந்த உச்ச நிலையில், கருவிக்குச் செல்லும் அளவு வலு அந்தக் கெட்ட மூட்டிலும் வெப்பமாக எரிகிறது. அப்போதும் வயரில் ஓடுவது 2 அம்பியர் அளவுதான் என்பதால், 15 அம்பியர் பியூஸுக்கு எதுவும் தெரியாது.

பழுதைக் கண்டுபிடிக்கக் கியர் லீவரைச் சுற்றியுள்ள பலகையையும், இடப்புறப் பயணியின் கால் அருகிலுள்ள பக்கத் தட்டையும் கழற்ற வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு உரிமையாளரும் ஒரு கேமராவோ ஒரு விளக்கோ சேர்த்ததால், டாஷ்போர்டுக்குள் பல கைகளின் வேலை கலந்து கிடக்கிறது. என் காரிலும் முன்னைய உரிமையாளர் பொருத்திய டாஷ் கேமராவின் எர்த் வயர், சாக்கெட்டின் எர்த் வயரோடு வெறுமனே முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி விடப்பட்டிருந்தது. டேப்பின் பசை உருகி வழிந்திருந்தது. அதைப் பிரித்தபோது உள்ளே செப்பு இழைகள் பச்சை பூத்து, பாதி அறுந்து, தொட்டாலே பொடியாக உதிர்ந்தன.

கெட்ட பகுதியை வெட்டி, புதிய வயர்த் துண்டைச் சேர்த்து, உலோகக் குழலை நசுக்கி இறுக்கும் கிரிம்ப் முறையில் இணைத்து, சூட்டில் சுருங்கி ஒட்டும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடினார். பல்பு நன்றாகவே எரிந்தது. என் கண்ணுக்கு வேலை முடிந்துவிட்டது. அவர் மீண்டும் மீட்டரை வைத்துப் பார்த்தபோது எர்த் பாதையில் இன்னும் 1.2 வோல்ட் இழப்பு இருந்தது. கால் அருகிலுள்ள பக்கத் தட்டுக்குப் பின்னால், பல எர்த் வயர்கள் ஒன்றுசேரும் போல்ட் துருவேறியிருந்தது. அதன் கீழிருந்த கம்பளத்தைக் கையால் அழுத்தினால் ஈரம் கசிந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்கள் இருக்கும் பகுதியின் வடிகால் இலைச்சருகால் அடைபட்டிருந்ததால், மழைநீர் உள்ளே இறங்கியிருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நனையும் எங்கள் பகுதியில், மரத்தடியில் நிறுத்தும் எந்தக் காருக்கும் இது நேரலாம். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளபளக்கும் வரை தேய்த்து, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாஸ்லின் பூசினார். வடிகாலையும் சுத்தம் செய்து, ஒரு வாளி நீர் ஊற்றி, அது சக்கரத்தின் பின்னால் வழிந்தோடுவதைக் காட்டினார். இறுதி அளவீடு 0.1 வோல்ட். பல்பு பிரகாசமாக எரிந்ததோடு நிறுத்தியிருந்தால், அடுத்த மழைக்காலத்தில் நான் மீண்டும் அங்கே நின்றிருப்பேன்.

இனிக் குறைகள். டாஷ்போர்டின் உட்பகுதியைக் கழற்றும்போது பெட்டரியின் மறைமுனையைக் கழற்றிவிடாமலேயே அவர் ஸ்பானரைப் பயன்படுத்தினார். சோதனைக்கு மின்சாரம் தேவை என்பது உண்மைதான்; வெட்டி இணைக்கும் நேரத்திலாவது கழற்றியிருக்கலாம். வானொலியின் நினைவு அழிந்துவிடும் என்று அவர் சொன்ன காரணம் எனக்குப் போதுமானதாகப் படவில்லை. எயார்பேக்கின் மஞ்சள் நிற வயர்கள் அருகில் சென்றதை அவர் கவனித்து விலக்கி வைத்தார் என்றாலும், முறை முறைதான். மழை வந்தால் தகரக் கூரையின் கீழ் ஒரு காருக்கு மட்டுமே இடமுண்டு; மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், காத்திருப்போருக்கு ஒரு வாங்கு கூட இல்லை. தொலைபேசியில் அழைத்தால் எடுப்பது அரிது. பற்றுச்சீட்டு கேட்டபோது நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் செலவைக் காட்ட வேண்டியவர்களுக்கு இது உதவாது. அசல் சாக்கெட்டுகளை அவர் வைத்திருப்பதில்லை. தேவையானால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த பாகமாகத் தேடி, பஸ்ஸில் வரவழைக்க வேண்டும். என் காரில் முன்னைய கராஜ் பொருத்திய சாக்கெட் சற்றுத் தளர்வாக இருக்கிறது என்று சொன்ன அவர், அதை மாற்றச் சொல்லி வற்புறுத்தாமல், பக்கத்துப் பிடிகளை மெல்ல உள்நோக்கி வளைத்துக் கொடுத்தார்.

அங்கேயே வோல்ட் காட்டும் சிறிய திரையுடன் கூடிய ஒரு இரட்டைச் சார்ஜரை 2,200 ரூபாய்க்கு வாங்கினேன். அவருடைய மீட்டரோடு ஒப்பிட்டால் அதன் திரை 0.2 வோல்ட் குறைவாகக் காட்டுகிறது. அது ஒரு பொருட்டல்ல, நமக்கு வேண்டியது ஏற்ற இறக்கமே. இயந்திரம் நின்றிருக்கையில் 12.2, ஓடும்போது 14 என்று காட்டும் திரை, தொலைபேசியை இணைத்தவுடன் ஒரு வோல்ட்டுக்கு மேல் சரிந்தால் எங்கோ மூட்டு கெடுகிறது என்று கொள்ளலாம். இரவில் அதன் வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது. ஒரு துண்டு டேப்பை அரைவாசிக்கு ஒட்டியிருக்கிறேன். பிளாஸ்டிக் உடல் மலிவானது, ஆனால் செருகும்போது பக்கப் பிடிகள் உறுதியாக நிற்கின்றன.

எதைச் செருகலாம், எதைச் செருகக்கூடாது என்பதிலும் அவர் கண்டிப்பானவர். சாக்கெட்டின் மூடியில் 120 வாட் என்று எழுதியிருந்தால், 12 வோல்ட்டில் அது 10 அம்பியர். டயருக்குக் காற்றடிக்கும் பம்புகளில் பல இந்த எல்லையைத் தொடுபவை, சில தாண்டுபவை. 12 வோல்ட் கேத்தலும் அப்படியே. டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி வெசாக் போயா வரை நீடிக்கும் சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில், நல்லதண்ணி நோக்கிச் செல்லும் வேன்களில் இரவில் தேநீருக்காகக் கேத்தலைச் செருகிப் பியூஸை எரித்துக்கொண்டு வருபவர்களே அவருடைய வாடிக்கையாளர்களில் கணிசமானோர். பம்பு அவசியமென்றால், பெட்டரியில் நேரடியாகக் கவ்வும் கிளிப்புகள் கொண்டதை வாங்கி, இயந்திரத்தை ஓடவிட்டுப் பயன்படுத்துமாறு சொல்கிறார்.

கூலியாக 3,500 ரூபாய் வாங்கினார். கழற்றிப் பூட்டிய பலகைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் இது நியாயமான தொகை. முன்னைய கராஜில் பழுது தீராமலே கொடுத்ததைவிடக் குறைவும்கூட. எழுத்து மூலமான உத்தரவாதம் எதுவும் இல்லை. அதே இடத்தில் மீண்டும் கோளாறு வந்தால் கூலி வாங்காமல் பார்ப்பதாகச் சொன்னார். அதன் பிறகு பெய்த பெருமழைகளிலும் சார்ஜர் ஒருமுறைகூட அணையவில்லை, கம்பளமும் காய்ந்தே இருக்கிறது. காலையில் கடை திறக்கும் நேரத்துக்குச் சென்றால் கூரையின் கீழ் இடம் கிடைக்கும். காரின் கையேடு இருந்தால் எடுத்துச் செல்லுங்கள், பியூஸ் படத்தை அவர் கேட்பார். போயா தினங்களில் கடை திறப்பதில்லை.